சேர்ந்த தேதி, விட்ட தேதி மட்டும் வச்சு மாசாமாசம் எத்தன ஸ்டாஃப்னு எண்ணுறது எப்படி

ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கு. ஒவ்வொரு வரியிலயும் ஒரு ஆளு, அவங்க வேலைக்கு சேர்ந்த தேதி, வேலைய விட்ட தேதி, அவ்ளோதான். இப்போ மேனேஜர் வந்து "மாசாமாசம் எத்தன பேரு இருந்தாங்கன்னு ஒரு சார்ட் போட்டுக் குடுங்க"ங்குறாரு. கேக்குறப்போ அஞ்சு நிமிஷ வேலை மாதிரிதான் இருக்கும், ஆனா மொத தடவ உக்காந்து பண்றவங்க இதுல நல்லா முட்டிக்குவாங்க, ஏன்னா அந்த ஷீட்ல "பிப்ரவரி"ன்னு எங்கயுமே இல்ல. ஜனவரில சேர்ந்து மார்ச்ல போன ஆளு பிப்ரவரிலயும் இருந்தாருன்னு நமக்குத் தெரியுது, ஷீட்டுக்கு எப்படித் தெரியும்?

உடனே பைவட் டேபிள் (வரிங்களக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு எண்ணிக் குடுக்குற வசதி) போட்டுப் பாப்பீங்க. நானும் அதத்தான் பண்ணேன். அது சேர்ந்த தேதிய மாசமாப் பிரிச்சு அழகா ஒரு நம்பர் குடுக்கும், ஆனா அது அந்த மாசம் எத்தன பேரு புதுசா சேர்ந்தாங்கங்குற கணக்கு, எத்தன பேரு வேலைல இருந்தாங்கங்குறது இல்ல. ரெண்டும் வேற வேற. இந்தக் கொழப்பத்துலயே ஒரு சார்ட்ட அனுப்பிட்டு அப்புறம் திட்டு வாங்குனது தனிக் கதை.

சரி, வழி என்னன்னா, மாசத்த மறந்துட்டு ஒரே ஒரு நாள எடுத்துக்கோங்க. பிப்ரவரி 29, 2024னு வைங்க. ஒவ்வொரு ஆளுகிட்டயும் ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கணும். நீங்க இந்த நாளுக்குள்ள சேர்ந்துட்டீங்களா? இந்த நாளு வரைக்கும் இருந்தீங்களா? ரெண்டுக்கும் ஆமான்னா அவரு கணக்குல உண்டு. இந்த ரெண்டு கேள்விக்கு மேல இந்த விஷயத்துல பெரிய தத்துவம் எதுவும் கெடையாது, மிச்சம் எல்லாமே அத ஷீட்டுக்குப் புரியுற மாதிரி சொல்றதுல வர்ற தகராறுதான்.

ஷீட்டால தேதிய ஒப்பிட முடியுறதுக்குக் காரணம், உள்ள அது வெறும் நம்பர். எக்ஸெல்ல 1900 ஜனவரி 1 தான் 1, அங்கருந்து ஒரு நாளைக்கு ஒண்ணு கூடிக்கிட்டே வருது, 2024 ஜனவரி 1ங்குறது 45292. நம்பிக்கை இல்லன்னா ஒரு தேதி செல்ல எடுத்து ஃபார்மட்ட நம்பர்னு மாத்திப் பாருங்க, குட்டு வெளிய வந்துரும். அதனால "இந்தத் தேதிக்கு முன்னாடியா"ன்னு கேக்குறதும் "45322 பெருசா 45351 பெருசா"ன்னு கேக்குறதும் ஒண்ணுதான்.

இப்போ ஒரு குட்டி ஷீட் போட்டுக்கலாம். ஏ காலம்ல (அதாவது மொத நெடுவரிசைல) ஆளு, பி காலம்ல சேர்ந்த தேதி, சி காலம்ல விட்ட தேதி. சி காலியா இருந்தா ஆளு இன்னும் வேலைல இருக்காருன்னு அர்த்தம்.

வரி 2: 10-01-2024 சேர்ந்தாரு, இன்னும் இருக்காரு
வரி 3: 15-01-2024 சேர்ந்தாரு, கடைசி நாள் 31-03-2024
வரி 4: 01-02-2024 சேர்ந்தாரு, கடைசி நாள் 20-02-2024
வரி 5: 05-03-2024 சேர்ந்தாரு, இன்னும் இருக்காரு
வரி 6: 01-04-2024 சேர்ந்தாரு, கடைசி நாள் 15-06-2024

அஞ்சே வரி, கைலயே எண்ணிரலாம், அதுக்காகத்தான் சின்னதா வச்சிருக்கேன். ஃபார்முலா சரியா தப்பான்னு தெரிஞ்சுக்க இத மாதிரி கைல எண்ணக்கூடிய டேட்டால மொதல்ல போட்டுப் பாக்குறது நல்ல பழக்கம், நேரா ஆயிரம் வரில போட்டீங்கன்னா வர்ற நம்பர நம்புறதா வேணாமான்னே தெரியாது.

பக்கத்துல இ காலம்ல மாசக் கடைசித் தேதிங்கள வரிசையா வேணும். இ2ல 31-01-2024னு டைப் பண்ணிட்டு, இ3ல இதப் போட்டு கீழ இழுத்துருங்க (ஃபார்முலா எல்லாத்தையும் இங்க தமிழ் எழுத்துலயே எழுதுறேன், ஷீட்ல போடுறப்போ இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணிக்கோங்க):

=ஈஓமன்த்(இ2,1)

எண்ட் ஆஃப் மன்த்ங்குறதோட சுருக்கம் அது. அடுத்த மாசத்தோட கடைசி நாள், அது 28ஓ 29ஓ 30ஓ 31ஓ, அதுவே பாத்துக்கும். சில பேரு இதுக்கு ஈடேட் போடுவாங்க, அது வேணாம். ஜனவரி 31ல ஒரு மாசம் கூட்டுனா பிப்ரவரி 29 வரும், சரி, ஆனா அந்த 29ல இன்னொரு மாசம் கூட்டுனா மார்ச் 29ல வந்து நிக்கும், அப்புறம் வருஷம் பூரா 29தான்.

இனி முக்கியமான ஃபார்முலா. கவுண்ட்இஃப்ஸ். எக்ஸெல் 2007லருந்து இருக்கு, கூகுள் ஷீட்ஸ்லயும் இருக்கு. எந்த ரேஞ்ச், என்ன கண்டிஷன்னு ஜோடி ஜோடியா குடுத்துக்கிட்டே போனா, எல்லா கண்டிஷனும் ஒத்துப்போற வரிங்கள மட்டும் எண்ணிச் சொல்லும். நம்ம ரெண்டு கேள்விய அப்படியே எஃப்2ல போட்டா இப்படி வரும்:

=கவுண்ட்இஃப்ஸ்($பி$2:$பி$6,"<="&இ2,$சி$2:$சி$6,">="&இ2)

சேர்ந்த தேதி இந்த நாளுக்குள்ள, விட்ட தேதி இந்த நாளோ இல்ல அதுக்கு அப்புறமோ. இதுல புதுசா வர்றவங்க தடுக்கி விழுற எடம் அந்த மேற்கோள் குறியும் & குறியும். "<=இ2"ன்னு எல்லாத்தையும் உள்ளயே போட்டா ஷீட் அத செல்லா எடுத்துக்காது, இ2ங்குற எழுத்தா எடுத்துக்கிட்டு பூஜ்யம் காட்டும். எரர் கூட வராது, அதான் கொடுமை. குறி மட்டும் மேற்கோளுக்குள்ள, செல் வெளிய, நடுவுல ஒட்டுறதுக்கு &. அப்புறம் டாலர் குறி, கீழ இழுக்குறப்போ ரேஞ்ச் நகராம ஆணி அடிச்சு வைக்குறதுக்கு. அது இல்லன்னா ரெண்டாவது வரில ரேஞ்ச் ஒரு படி எறங்கும், மொத ஆளு காணாமப் போவாரு, அடுத்த வரில ரெண்டாவது ஆளு. எக்ஸெல்ல ரேஞ்ச செலக்ட் பண்ணி எஃப்4 அழுத்துனா டாலர் தானா வந்துரும்.

போட்டாச்சா? இழுத்துப் பாருங்க. ஜனவரி 1, பிப்ரவரி 1, மார்ச் 1, ஏப்ரல் 1, மே 1, ஜூன் 0.

ஜூன் மாசக் கடைசில ஆளே இல்ல! ரெண்டு பேரு இன்னிக்கும் வேலை பாத்துக்கிட்டு இருக்காங்க, ஷீட் ஒருத்தரும் இல்லங்குது. காரணம் அந்தக் காலி செல். கவுண்ட்இஃப்ஸ்கிட்ட "இந்தத் தேதிக்கு மேலயா"ன்னு கேட்டா காலி செல்ல அது ஒப்பிடவே செய்யாது, ஒதுக்கித் தள்ளிரும். இன்னும் போகாதவங்க எல்லாரும் அப்படியே கழண்டுக்குறாங்க. நெஜமான ஷீட்ல பெரும்பாலும் இன்னும் இருக்குறவங்கதான் அதிகம்ங்குறதால தப்பு பெருசா தெரியும், அது ஒரு வகைல நல்லது, சின்னதா தப்பா இருந்திருந்தா யாரும் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டாங்க.

இதுக்கு நெறைய பேரு சொல்ற வைத்தியம், காலியா இருக்குற எடத்துல எல்லாம் 31-12-9999னு போட்டுருங்கங்குறது. எக்ஸெல் புரிஞ்சுக்குற கடைசித் தேதியே அதான், வேலையும் செய்யும். எனக்கு அதுல இஷ்டம் இல்ல. இன்னொருத்தரு ஷீட்டத் தொறந்தா என்னடா இதுன்னு முழிப்பாங்க, யாராவது அத வச்சு சர்வீஸ் எத்தன வருஷம்னு கணக்குப் போட்டா ஏழாயிரத்துச் சொச்சம் வருஷம்னு வரும். டேட்டால பொய் எழுதி ஃபார்முலாவ ஓட வைக்குறதுக்கு பதிலா ஃபார்முலாவ மாத்துறது மேல்.

எப்படி மாத்துறதுன்னா, கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடணும். ஒரு பெரிய ஹால், உள்ள எத்தன பேருன்னு தெரியணும். தலைய எண்ணலாம். இல்லன்னா வாசல்ல நின்னுக்கிட்டு இது வரைக்கும் எத்தன பேரு உள்ள போனாங்க, எத்தன பேரு வெளிய வந்தாங்கன்னு ரெண்டு நம்பர் வச்சுக்கிட்டு கழிச்சாப் போதும், உள்ள எட்டியே பாக்க வேணாம். அதேதான் இங்கயும்:

=கவுண்ட்இஃப்ஸ்($பி$2:$பி$6,"<="&இ2)-கவுண்ட்இஃப்ஸ்($சி$2:$சி$6,"<"&இ2)

இந்த நாளு வரைக்கும் சேர்ந்தவங்க மொத்தம், அதுல இந்த நாளுக்கு முன்னாடியே போய்ட்டவங்க மொத்தத்தக் கழி. காலி செல்லு ரெண்டாவது பாதில எண்ணப்படாது, எண்ணப்படவும் கூடாது, அவருதான் போகவே இல்லையே. முன்னாடி எந்தக் குணம் நம்மளக் கவுத்துச்சோ அதே குணம் இப்போ நமக்கு சாதகமாத் திரும்பிருச்சு. யாராவது சி காலம்ல காலியா விடாம "பணியில்"னு எழுதி வச்சிருந்தா கூட ஒண்ணும் ஆகாது, எழுத்தையும் அது இதே மாதிரி தாண்டிப் போயிரும்.

இப்போ வர்ற நம்பர்: 2, 2, 3, 3, 3, 2. பிப்ரவரிய மட்டும் கைல சரி பாருங்க. பிப்ரவரி 29க்குள்ள சேர்ந்தவங்க மூணு பேரு, அதுக்கு முன்னாடி போனவரு ஒருத்தரு, மூணுல ஒண்ணு போனா ரெண்டு.

டிபார்ட்மென்ட் வாரியா வேணும்னா டி காலம்ல டிபார்ட்மென்ட்ட வச்சுக்கிட்டு இன்னொரு கண்டிஷன் ஜோடி சேக்கணும், ரெண்டு கவுண்ட்இஃப்ஸ்லயும் சேக்கணும். மொத பாதில மட்டும் சேத்துட்டு ரெண்டாவத மறந்துட்டா ஒரு டிபார்ட்மென்ட்ல சேர்ந்தவங்கள்லருந்து கம்பெனி பூரா போனவங்களக் கழிச்சு மைனஸ்ல கூட நம்பர் வந்து நிக்கும். ஒருத்தரு டிபார்ட்மென்ட் மாறுனா அவருக்கு ரெண்டு வரி, பழையதுல கடைசி நாள் 14ன்னா புதுசுல 15லருந்து. ரெண்டுலயும் ஒரே தேதியப் போட்டா அந்த ஒரு நாள் அவரு ரெண்டு ஆளு.

சம்ப்ராடக்ட் (வரிக்கு வரி கண்டிஷன்களப் பெருக்கி மொத்தம் கூட்டுற ஃபார்முலா) போடுறவங்களும் இருக்காங்க, 2007க்கு முன்னாடி இதுக்கு அதான் ஆஸ்தான ஃபார்முலா. தப்பு இல்ல, ஆனா அதுல காலி செல்லு பூஜ்யமா மாறிரும். அதனால ரேஞ்ச நூறு வரிக்குக் குடுத்து டேட்டா அம்பது வரிதான் இருந்தா, மிச்ச அம்பது காலி வரியிலயும் சேர்ந்த தேதி பூஜ்யம், அதாவது என்னிக்கோ சேர்ந்தவங்க, விட்ட தேதி காலி, அதாவது இன்னும் இருக்காங்க. அம்பது ஆவிங்க உங்க ஆபீஸ்ல வேலை பாக்கும். சேர்ந்த தேதி காலியா இல்லங்குற கண்டிஷனையும் சேத்துதான் அத ஓட்டணும்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. "பிப்ரவரில எத்தன பேரு இருந்தாங்க"ங்குறதுக்கு நாம 2ன்னு சொன்னோம். அது சரியா? வரி 4ல இருக்குற ஆளு பிப்ரவரி 1ல சேர்ந்து 20 நாள் வேலை பாத்துட்டுப் போயிருக்காரு. அவருக்கு சம்பளம் போட்டாச்சு, நாற்காலி குடுத்தாச்சு, ஆனா நம்ம கணக்குல எந்த மாசத்துலயும் அவரு வரவே இல்ல. ஒரே மாசத்துல சேர்ந்து, அந்த மாசக் கடைசி நாளுக்கு முன்னாடியே போறவங்க யாருமே மாசக் கடைசிக் கணக்குல சிக்க மாட்டாங்க. ஃபார்முலா தப்பு இல்ல, நாம கேட்ட கேள்வி "29ஆம் தேதி எத்தன பேரு"ங்குறது, அதுக்கு பதில் 2தான்.

கேள்வி "பிப்ரவரில ஒரு நாளாச்சும் வேலை பாத்தவங்க எத்தன பேரு"ன்னா, மாசக் கடைசிக்குள்ள சேர்ந்தவங்க மொத்தத்துலருந்து, மாசம் பொறக்குறதுக்கு முன்னாடியே போனவங்களக் கழிக்கணும். அதே ஃபார்முலாதான், ரெண்டாவது பாதில மட்டும் கடைசித் தேதிக்கு பதிலா மொத தேதி:

=கவுண்ட்இஃப்ஸ்($பி$2:$பி$6,"<="&இ2)-கவுண்ட்இஃப்ஸ்($சி$2:$சி$6,"<"&(ஈஓமன்த்(இ2,-1)+1))

போன மாசக் கடைசி நாளோட ஒண்ணக் கூட்டுனா இந்த மாசம் 1ஆம் தேதி. பிப்ரவரிக்கு இப்போ 3 வருது. ஆனா இது ஆளுங்கள எண்ணல, வரிங்களத்தான் எண்ணுது, ஒருத்தரு ஒரே மாசத்துல விட்டுட்டுத் திரும்ப சேர்ந்தா ரெண்டுன்னு காட்டும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மூணாவதா ஒரு கேள்வியும் இருக்கு, சராசரியா எத்தன பேரு. 20 நாள் இருந்தவர முழு ஆளாவும் எண்ணக் கூடாது, இல்லவே இல்லன்னும் சொல்லக் கூடாது. இதுக்கு ஆளுக்கு ஆளு அந்த மாசத்துல எத்தன நாள் இருந்தாங்கன்னு பாக்கணும். ஒரே செல்லுல முடிக்கணும்னு மல்லுக்கட்டாதீங்க, மேல ஜி1லருந்து வலது பக்கமா மாசத்தோட மொத தேதிங்களப் போட்டுட்டு, ஒவ்வொரு ஆளுக்கு நேராவும் இத நெரப்புங்க:

=மேக்ஸ்(0,மின்($சி2,ஈஓமன்த்(ஜி$1,0))-மேக்ஸ்($பி2,ஜி$1)+1)

விட்ட தேதி, மாசக் கடைசி, ரெண்டுல எது முந்தியோ அதுலருந்து, சேர்ந்த தேதி, மாச ஆரம்பம், ரெண்டுல எது பிந்தியோ அதக் கழிச்சு, ரெண்டு முனையும் சேரணும்ங்குறதால ஒண்ணக் கூட்டுறோம். அந்த மாசத்துக்கு சம்பந்தமே இல்லாத ஆளுக்கு மைனஸ் வரும், அத வெளில இருக்குற மேக்ஸ் பூஜ்யமாக்கிரும். சி காலியா இருந்தா என்னன்னு கேப்பீங்க, மின் ஃபங்ஷன் காலி செல்லக் கண்டுக்காது, மாசக் கடைசியவே எடுத்துக்கும், அதுக்குன்னு தனியா இஃப் எதுவும் வேணாம். புதுசா ஆளு சேக்கச் சேக்க அந்த வரிங்களுக்கும் இத இழுத்துக்கிட்டே போங்க, ஆனா ஆளே இல்லாத காலி வரிக்கு இழுத்துராதீங்க, அங்க முழு மாசம் வேலை பாத்ததாக் காட்டும், நம்ம பழைய ஆவிங்கதான்.

பிப்ரவரிக்கு வரி 2க்கு 29 நாள், வரி 3க்கு 29, வரி 4க்கு 20. மொத்தம் 78. அத 29ஆல வகுத்தா 2.69.

ஆக ஒரே டேட்டா, ஒரே மாசம், பதிலு 2, 3, 2.69. மூணும் சரி. சீட் எத்தன வேணும், மெயில் ஐடி எத்தன தொறந்தோம், சம்பளச் செலவு ஆளுக்கு எவ்ளோ ஆகுதுன்னு கேக்குறவங்களுக்கு வேற வேற நம்பர் வேணும். அதனால சார்ட் கேக்குறவருகிட்ட மொதல்லயே எதுன்னு கேட்டுக்கோங்க, கேட்டா அவரே கொஞ்சம் யோசிப்பாரு.

ஃபார்முலா எல்லாம் சரியா இருந்தும் நம்பர் இடிச்சா பழி பெரும்பாலும் தேதி மேலதான். பாக்க தேதி மாதிரியே இருக்கும், உள்ள எழுத்தா இருக்கும், வேற சாஃப்ட்வேர்லருந்து எடுத்து ஒட்டுன டேட்டால இது சகஜம். நீங்க அலைன்மென்ட்ல கை வைக்கலன்னா நெஜத் தேதி செல்லுல வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடது பக்கம். உறுதியா தெரியணும்னா, உள்ள இருக்குறது நம்பரான்னு சொல்ற இஸ்நம்பர் போட்டுப் பாருங்க. இதவிட மோசமானது நாளும் மாசமும் எடம் மாறுறது. உங்க கம்ப்யூட்டர் மாசத்த முன்னாடி எதிர்பாக்குற செட்டிங்ல இருந்து, நீங்க 25/03/2024னு ஒட்டுனா 25ஆவது மாசம் இல்லங்குறதால எழுத்தாவே விட்டுரும், கண்டுபிடிச்சிரலாம். 05/03/2024ன்னு ஒட்டுனா சத்தமில்லாம மே 3ஆக்கிரும். ஒரு தடவ எங்க ஷீட்ல 12 தேதிக்குள்ள சேர்ந்தவங்க மட்டும் தப்புத் தப்பான மாசத்துல உக்காந்திருந்தாங்க, ரெண்டு நாள் ஃபார்முலாவ மாத்தி மாத்திப் பாத்தேன், ஃபார்முலா பாவம் ஒரு தப்பும் பண்ணல. எக்ஸெல்ல இத சரி பண்ண டேட்டா மெனுல டெக்ஸ்ட் டு காலம்ஸ் இருக்கு, அதோட கடைசிப் படில நாள் மாசம் வருஷம்ங்குற வரிசையச் சொல்லலாம், ஆனா இன்னும் எழுத்தா இருக்குற டேட்டால பண்ணாத்தான் பலிக்கும், ஏற்கனவே மே 3ஆ மாறுனதுக்கு மருந்து மறுபடி மூலத்துலருந்து எடுக்குறதுதான்.

நேரத்தோட வர்ற தேதியும் உண்டு. பயோமெட்ரிக் மாதிரி மெஷின்லருந்து வர்றதுல 31-01-2024 காலைல 9 மணின்னா உள்ள 45322.375. நாம கேக்குறது 45322க்குள்ளயான்னு, அது ஒரு துளி அதிகம்ங்குறதால அன்னிக்கு சேர்ந்தவரு அன்னிக்கு இல்லாமப் போயிருவாரு. பக்கத்துக் காலம்ல சேர்ந்த தேதிக்கு இன்ட் போட்டு தசமத்த வெட்டிட்டு அதப் பயன்படுத்துங்க.

போன தேதி சேர்ந்த தேதிக்கு முன்னாடி இருக்குற அபூர்வப் பிறவிங்களப் பிடிக்க சம்ப்ராடக்ட் நல்லா உதவும்:

=சம்ப்ராடக்ட்(($சி$2:$சி$6<>"")*($சி$2:$சி$6<$பி$2:$பி$6))

பூஜ்யம் வரணும். வரலன்னா எங்கயோ ஒரு தேதி தப்பா இருக்கு.

எல்லாம் முடிஞ்சப்புறம் சரி பாக்க அக்கவுண்ட்ஸ்காரங்க ஒரு வழி வச்சிருக்காங்க, ஆரம்பத்துல இருந்தவங்க, கூட்டல் சேர்ந்தவங்க, கழித்தல் போனவங்க, இறுதியா இருக்குறவங்க. மார்ச்சுக்குப் போட்டுப் பாருங்க. பிப்ரவரி கடைசில 2, மார்ச்ல சேர்ந்தவரு 1, மார்ச்ல போனவரு 1, அப்போ 2 வரணும், நம்ம ஃபார்முலா 3ங்குது. பதறாதீங்க. வரி 3ல இருக்குறவரோட கடைசி நாளே மார்ச் 31, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வேலை பாத்தாரு, அதனால "அன்னிக்கு இருந்தாரா"ங்குற கேள்விக்கு ஆமான்னுதான் பதில், அவரு போனது ஏப்ரல் கணக்குல விழும். மார்ச் கடைசிலயே அவரக் கழிச்சுக் காட்டணும்னு உங்க ஆபீஸ் சொன்னா, ரெண்டாவது பாதில இருக்குற "<"ஐ "<="ன்னு மாத்துங்க, 2 வந்துரும். எது வேணும்னாலும் இருக்கட்டும், எல்லா மாசத்துக்கும் ஒண்ணையே வைங்க, எதுன்னு சார்ட்டுக்குக் கீழ சின்னதா ஒரு வரி எழுதிருங்க.